காந்தாரம் ஏன் அப்படியே நிற்கிறது?

போன பொங்கலுக்குத் திருச்சிக்குப் போனபோது லேப்டாப்போடு இரண்டு ஆக்டேவ் மிடி கீபோர்டு ஒன்றையும் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். சித்தி முப்பது வருஷத்துக்கும் மேலாக வீணை சொல்லிக்கொடுக்கிறவர். சர்ஜ் எக்ஸ்டி என்ற சாஃப்ட்வேர் சின்த்தில், அதாவது லேப்டாப்பில் ஓடும் சின்தசைசரில், இரண்டு மாதம் உட்கார்ந்து நான் செய்து வைத்திருந்த ஒரு பேட்சை, அதாவது ஒலி அமைப்பை, அவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. நல்ல பேட்ச்தான். மீட்டியதும் கொஞ்சம் கூர்மையாகத் தொடங்கி மெல்ல உருண்டையாகும், கீழ் ஸ்தாயியில் தொண்டையிலிருந்து வருவது போல ஒரு கனம் இருக்கும். தோடி ராகத்தை எடுத்து நிதானமாக நாலு வரி வாசித்தேன். சித்தி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சத்தம் நல்லாருக்குடா. ஆனா காந்தாரம் ஏன் அப்படியே நிக்குது?" என்றார்.

அந்தக் காந்தாரத்தை, அதாவது க என்ற சுரத்தை, நான் ஏனோதானோ என்று விட்டுவிடவில்லை. தோடியில் வரும் 'சாதாரண காந்தாரம்' என்ற வகைக்கு 6/5 என்ற விகிதத்தை ஸ்காலா கோப்பில், அதாவது சுரங்களின் இடங்களைக் குறித்துவைக்கும் கோப்பில், கையால் எழுதிச் சேர்த்திருந்தேன். சென்ட் என்பது ஒரு ஸ்தாயியை 1200 ஆகப் பிரித்த அளவு, அந்தக் கணக்கில் அது 316. பியானோ கட்டையில் வருவது 300. அந்த 16 சென்ட் வித்தியாசத்துக்காக ஒரு முழு ராத்திரி செலவழித்திருந்தேன். சுரம் சரியான இடத்தில்தான் நின்றது. தோடியில் காந்தாரம் நிற்கக் கூடாது, அதுதான் விஷயம். அது ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாட வேண்டும், அந்த ஊசலைக் கேட்டுத்தான் நாம் தோடி என்று அடையாளம் கண்டுகொள்கிறோம். சித்தி வீணையை எடுத்து ஒரே ஒரு முறை அந்தச் சுரத்தை வாசித்துக் காட்டினார். விரல் வீணைத் தண்டின் குறுக்கே உள்ள மெட்டைவிட்டு நகரவே இல்லை, தந்தி மட்டும் பக்கவாட்டில் போய்ப் போய் வந்தது.

அன்றிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் சின்த்தில் எனக்கு என்னென்ன வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டே வருகிறேன். அதை இங்கே கொட்டிவிடுகிறேன்.

முதலில் சர்ஜைப் பற்றி. கிளாஸ் யோஹான்சன் என்பவர் வெம்பர் ஆடியோ என்ற பெயரில் விற்றுவந்த சின்த் இது. 2018-இல் மூல நிரலைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அதன்பிறகு ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்து, 2022 ஜனவரியில் சர்ஜ் எக்ஸ்டி என்று வெளியிட்டார்கள். காசு கிடையாது. ஒரு பேட்சுக்குள் சீன் என்று இரண்டு தனி ஒலிகள், சீனுக்கு ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டர் மூன்று, அதை மெல்ல ஆட்டும் எல்எஃப்ஓ பன்னிரண்டு. அதைவிட எனக்கு முக்கியம், ஸ்காலா கோப்பை இழுத்து அதன்மேல் போட்டால் ஸ்ருதி அமைப்பே மாறிவிடும். இத்தனை வசதியை இலவசமாகக் கொடுத்தவர்களிடம் இன்னும் வேண்டும் என்று கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு அருகதை உள்ள சின்த் என்று எனக்குத் தோன்றுவது இதுதான், ஏனென்றால் பாதி தூரம் ஏற்கனவே வந்துவிட்டார்கள்.

எந்த சின்த்தும் சுருதியை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்த்தால் என் குறை புரியும். கட்டையை அழுத்தினால் மிடி, அதாவது கீபோர்டும் சின்த்தும் பேசிக்கொள்ளும் முறை, ஒரு எண்ணை அனுப்புகிறது, 0 முதல் 127 வரை. 1983-இல் மிடி வந்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. அந்த எண்ணுக்கு எந்த அதிர்வெண் என்று சின்த் ஒரு அட்டவணையில் பார்த்துக்கொள்கிறது. ஸ்காலா கோப்பு மாற்றுவது இந்த அட்டவணையை மட்டும்தான். அதற்கு மேல் பிட்ச் வீல் என்ற சக்கரம் சுருதியைக் கொஞ்சம் கூட்டும், எல்எஃப்ஓ கொஞ்சம் ஆட்டும், ஒரு கட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது போர்ட்டமென்டோ, அதாவது கிளைடு, வழுக்கிக்கொண்டு போகும். ஆக, சுரம் என்பது முதலில் ஒரு புள்ளி, அசைவு எல்லாம் பின்னால் ஒட்டவைத்தது. நம் சங்கீதத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது யாரும் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை. தோடி காந்தாரம் என்று வாத்தியார் பாடிக்காட்டுவது ஒரு போக்கை. அதை நிறுத்தி, சுத்தமாக ஒரு இடத்தில் பிடி என்று சொன்னால் பாடகர்கள் பலரே தடுமாறுவார்கள்.

திருச்சியிலிருந்து திரும்பியதும் நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். எல்எஃப்ஓவை எடுத்து சைன் அலையை வைத்து ஆசிலேட்டரின் பிட்ச்சோடு இணைத்து ஆட்டினேன். ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி வந்தது. அகலத்தைக் குறைத்தால் மேற்கத்திய வயலின் விப்ரேட்டோ ஆனது, கூட்டினால் மறுபடி சைரன். அப்புறம் சித்தியை போனில் கூப்பிட்டு, அந்தக் காந்தாரத்தைத் தனியாக, தாளத்தந்தி தொடாமல், நாலைந்து முறை வாசித்துப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். சோனிக் விஷுவலைசர் என்ற சாஃப்ட்வேரில் அந்தப் பதிவைத் திறந்து சுருதிக்கோட்டை வரையவைத்துப் பார்த்தேன்.

அந்தக் கோட்டை நான் இன்னும் மறக்கவில்லை. சைன் அலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கீழேயிருந்து சட்டென்று ஏறுகிறது, உச்சியில் ஒரு கணம் தட்டையாகத் தங்குகிறது, இறங்குவது ஏறியதைவிட நிதானமாக, அடியில் வளைந்து. அடுத்த ஏற்றம் முதல் ஏற்றத்தின் உயரத்துக்குப் போகவில்லை. மூன்றாவது இன்னும் கொஞ்சம் மேலே. எந்த இரண்டு வளைவும் ஒன்றுபோல் இல்லை, ஆனால் காதுக்கு எல்லாமே ஒரே காந்தாரம். சர்ஜில் எம்செக் என்று ஒன்று இருக்கிறது, துண்டு துண்டாகக் கோடு வரைந்து நமக்கு வேண்டிய வடிவத்தில் ஒரு அசைவைச் செய்துகொள்ளலாம். சித்தியின் கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்துப் பார்த்து வரைந்தேன். அதைப் பிட்ச்சில் இணைத்து ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபோது, முதல்முறையாக லேப்டாப்பிலிருந்து தோடி வந்தது. ராத்திரி பதினொன்றரை மணி. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சரி, அடுத்த கட்டையை அழுத்தினேன். அங்கேதான் உடைந்தது.

என் முதல் ஆசை இந்த இடத்தைப் பற்றியதுதான், மற்ற எதுவும் கிடைக்காவிட்டாலும் இது ஒன்று கிடைத்தால் போதும். பெரும்பாலான சின்த்களில் கிளைடு ஒரு கணக்கு, எல்எஃப்ஓவோ எம்செக்கோ போடும் அசைவு இன்னொரு கணக்கு, இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. காந்தாரம் ஆடி மேலே மத்தியமத்தின் அருகே போயிருக்கும் நொடியில் நான் மத்தியமத்தை அழுத்தினால், வீணையில் என்றால் அந்த இடத்திலிருந்தே நேராக மத்தியமத்துக்குள் நுழைந்துவிடலாம், ஏனென்றால் தந்தி ஏற்கனவே அங்கே இருக்கிறது. சின்த்திலோ, காந்தாரக் கட்டை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கிளைடு தொடங்கும். காது கேட்டுக்கொண்டிருந்த இடம் அதற்குத் தெரியாது. அசைவைப் புதிதாகத் தொடங்கு என்று வைத்தால் நடுவில் ஒரு வெட்டு, தொடங்காதே என்று வைத்தால் காந்தாரத்தின் ஆட்டம் மத்தியமத்திலும் தொடர்ந்து ஓடும். எனக்கு வேண்டியது ரொம்ப எளிமையானது: அடுத்த சுரம் வந்ததும், இந்த நொடியில் காதில் எந்தச் சுருதி கேட்கிறதோ, எல்லா அசைவும் சேர்த்து, அங்கிருந்து புறப்பட வேண்டும். எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை நான் வரைந்து கொடுக்கிறேன்.

சர்ஜில் கிளைடுக்கு வளைவு இருக்கிறது. லாகரிதமிக், நேர்கோடு, எக்ஸ்பொனென்ஷியல் என்று மூன்று. கிளைடைப் படிப்படியாக அந்த ஸ்ருதி அமைப்பின் சுரங்களில் ஏறவைக்கும் வசதியும் உண்டு, அதைப் பார்த்தபோதே இதை எழுதியவர்கள் ஸ்ருதி அமைப்புகளைப் பற்றி ஆழமாக யோசித்தவர்கள் என்று புரிந்தது. அந்த மூன்றோடு நான்காவதாக, நாமே வரையும் வளைவு ஒன்று வேண்டும். எம்செக் எடிட்டர் ஏற்கனவே இருக்கிறது, அதே பலகையை அங்கேயும் திறந்துவிடலாம். அதற்கு அடுத்தபடியாக, எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு என்று பார்த்து வளைவு மாற வேண்டும். ரி-யிலிருந்து க-வுக்கு ஏறும்போது ஒன்று, ம-விலிருந்து க-வுக்கு இறங்கும்போது வேறொன்று. ஒரு ராகத்துக்கு இப்படி ஒரு கோப்பு, ஸ்காலா கோப்பைப் போலவே நோட்பேடில் எழுதக்கூடிய வெறும் எழுத்துக் கோப்பு. ஸ்காலா இவ்வளவு பரவியதற்குக் காரணமே அந்த எளிமைதான் என்று நினைக்கிறேன், யார் வேண்டுமானாலும் பன்னிரண்டு வரி எழுதி இன்னொருவருக்கு அனுப்பிவிடலாம். சர்ஜில் லுவா மொழியில் சூத்திரம் எழுதி அசைவுகளைச் செய்யவும் வழி இருக்கிறது, நான் அதிலும் கொஞ்சம் முயன்றேன், சில விஷயங்கள் நன்றாகவே வருகின்றன. ஆனால் என் சித்தியோ அவரிடம் படிக்கிற பிள்ளைகளோ லுவா எழுதப் போவதில்லை. அவர்கள் கைக்கு வர வேண்டும் என்றால் மெனுவில் பெயரோடு இருக்க வேண்டும்.

பெயர்கள் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 1904-இல் எட்டயபுரத்தில் அச்சாகி வந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற நூலில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்கு, அதாவது சுரங்களின் அசைவுகளுக்கு, தனித்தனிக் குறிகளே கொடுத்துவிட்டார். சித்தியிடம் அதன் தமிழ்ப் பதிப்பு இருக்கிறது. சுரங்களின் தலைமேல் கம்பிதம் என்ற ஆட்டத்துக்கு ஒரு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கு, அதாவது மேலே வழுக்கிப் போவதற்கு, ஒரு சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. அப்புறம் நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒடுக்கல். ஒடுக்கல் என்றால் கீழ் மெட்டிலேயே விரலை வைத்துத் தந்தியை இழுத்து மேல் சுரத்தை வாங்குவது. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது சின்த்தின் மாடுலேஷன் மெனுவை யாரோ நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கிளைடு மெனுவில் லாகரிதமிக் என்ற சொல்லுக்குக் கீழே ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு, ஒடுக்கல் என்று மூன்று வரி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். அதைக் கர்நாடக சங்கீதக்காரர்கள்தான் பயன்படுத்த வேண்டும் என்றுகூட இல்லை. ஸ்டீல் கிட்டார் சத்தம் செய்கிறவருக்கும் துருக்கியப் புல்லாங்குழலான நே வாசிக்கிறவருக்கும் இதே பிரச்சினைதான், அவர்களுக்கு வேறு பெயர்கள் இருக்கும்.

இரண்டாவது, வேகம். எல்எஃப்ஓவைப் பாட்டின் டெம்போவோடு கட்டினால் டெம்போ இரண்டு மடங்கு ஆகும்போது ஆட்டமும் இரண்டு மடங்கு வேகமாகும். கட்டாமல் விட்டால் அது தன்பாட்டுக்கு ஓடும், சுரம் முடியும் இடத்தில் ஆட்டம் பாதியில் நிற்கும். சித்தி வாசிப்பதைக் கவனித்தால் இரண்டுமே நடப்பதில்லை. இரண்டாம் காலத்தில், அதாவது இரண்டு மடங்கு வேகத்தில், வாசிக்கும்போது அவர் அதே அசைவை இரண்டு மடங்கு வேகத்தில் ஆட்டுவதில்லை, எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறார். மூன்று ஆட்டம் இருந்த இடத்தில் ஒன்றோ ஒன்றரையோ. இன்னும் சின்னச் சுரமாக இருந்தால் ஒரு தொடுகை, அவ்வளவுதான். இதை ஒரு ஆப்ஷனாகக் கொடுக்கலாம்: ஆட்டத்தின் வேகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கட்டும், சுரத்தின் நீளத்துக்குள் எத்தனை முழு ஆட்டம் அடங்குமோ அத்தனை மட்டும். நேரில் வாசிக்கும்போது சுரம் எவ்வளவு நேரம் இருக்கும் என்று சின்த்துக்கு முன்கூட்டித் தெரியாது என்பது உண்மைதான். அதற்காகத்தான் முதல் ஆசையை முதலில் சொன்னேன். விட்ட இடத்திலிருந்து கிளம்பத் தெரிந்துவிட்டால் நீளம் தெரியாததால் பெரிய நஷ்டம் இல்லை.

இதையெல்லாம் கையாலேயே செய்யலாமே, பிட்ச் வீல் எதற்கு இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். செய்கிறேன். இடது கை வீலில், வலது கை கட்டையில், பல கீபோர்டு வித்வான்கள் அப்படித்தான் அற்புதமாக வாசிக்கிறார்கள், அது வருஷக்கணக்கில் வரும் கைப்பழக்கம். மிடியில் வீலுக்கு 16,384 படிகள் உண்டு, தாராளம். ஆனால் விலை குறைந்த கீபோர்டு 128 படி மட்டும் அனுப்பினால், வீலின் வீச்சை மேலே கீழே ஒரு ஸ்தாயி என்று வைக்கும்போது ஒரு படி கிட்டத்தட்ட 19 சென்ட் ஆகிவிடும். நான் 6/5 எழுதி மீட்ட 16 சென்ட்டைவிட அது பெரிசு. சின்த் அதை மென்மையாக்கிக் கொடுக்கலாம்தான், கொடுக்கவும் செய்கிறது, ஆனால் மென்மையாக்கினால் அந்தச் சட்டென்ற ஏற்றமும் மழுங்குகிறது. விரல் அழுத்தத்தையும் நகர்வையும் சுரத்துக்குச் சுரம் தனித்தனியாக அனுப்பும் எம்பிஇ என்ற முறை 2018-இல் மிடியின் அதிகாரபூர்வப் பகுதியானது, சர்ஜ் அதை அழகாக ஏற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்ட கீபோர்டு வாங்க எனக்கு இன்னும் சில வருஷம் ஆகும். என்னைப் போல இரண்டு ஆக்டேவ் கட்டையோடு உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

அடுத்தது தம்புரா. இது நான் ரொம்ப நாளாக ஆசைப்படுவது. சர்ஜில் தந்தி மாதிரி ஒலிக்கும் ஆசிலேட்டர் ஒன்று இருக்கிறது, மீட்டலை உருவாக்கி, தாமதச் சுற்றில் சுழலவிட்டு, தேய்ந்து மறையவைக்கும். கிட்டார், ஹார்ப் எல்லாம் வருகிறது. தம்புரா வரவில்லை, ஏனென்றால் தம்புராவின் சத்தம் தந்தியில் மட்டும் இல்லை, தந்தியைத் தாங்கும் குதிரை என்ற பாகத்தில் இருக்கிறது. அந்த அகலமான, லேசாக வளைந்த குதிரையின்மேல் தந்தி உரசி உரசி அதிர்கிறது. அடியில் ஒரு நூலைச் செருகி மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஜீவா பிடிப்பார்கள், சரியான இடம் வந்ததும் சத்தம் மலர்ந்து விரியும். சி.வி. ராமன் 1921-லேயே வீணை, தம்புரா குதிரைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் அசையாப்புள்ளி உள்ள மேற்சுரங்கள், அதாவது மூல சுரத்தோடு சேர்ந்து மெல்ல ஒலிக்கும் சுரங்கள், கேட்கக் கூடாது என்பது பழைய விதி, இந்தக் குதிரை உள்ள வாத்தியங்களில் அவையும் நன்றாகக் கேட்கின்றன என்று அவர் காட்டினார். ஆகவே ஃபில்டர் போட்டு, கோரஸ் போட்டு எல்லாம் இதை வரவைக்க முடியாது, தந்தியின் கணக்குக்குள்ளேயே குதிரை வர வேண்டும். தந்தி ஆசிலேட்டரில் ஜீவா என்று ஒரு குமிழ். ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் கிட்டார், மறுபக்கம் தம்புரா, நடுவில் எங்கேயோ வீணை. அந்தக் குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினால் சத்தம் மலர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இதற்கு மேல் சின்ன விஷயங்கள். கட்டை, அதாவது பாடுகிறவரின் ஆதார ஸ்ருதி, மாற்றுவதற்கு ஒரே ஒரு குமிழ் வேண்டும். ஒரு கட்டை, நாலரை, ஐந்தரை என்று பாடுகிறவருக்கு ஏற்றபடி ஸ-வை நகர்த்தினால் மொத்த ஸ்ருதி அமைப்பும் விகிதம் மாறாமல் கூடவே நகர வேண்டும், விரல்கள் மட்டும் கீபோர்டில் அதே கட்டைகளில் இருக்க வேண்டும். இப்போதும் செய்யலாம், கட்டை வரைபடக் கோப்பையோ ட்யூனிங் எடிட்டரில் எண்களையோ மாற்ற வேண்டும், கச்சேரி நடுவில் அதற்கு நேரம் இல்லை. நான் ஒரு சீனில் தம்புராவை லாட்ச் போட்டு, அதாவது கையை எடுத்தாலும் ஒலிக்கும்படி, ஓடவிட்டு இன்னொரு சீனில் ராகம் வாசிக்கிறேன், இரண்டும் அந்த ஒரே குமிழுக்குக் கட்டுப்பட்டால் நிம்மதி.

வீணையே இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைத் தடை செய்தது, அதில் கமகம் வராது என்பது பெரிய குற்றச்சாட்டாக இருந்தது. அதே சங்கீதத்துக்குள் வயலின் எங்கிருந்தோ வந்து வேரூன்றியும் விட்டது. அதை முதலில் கற்றுக்கொண்டு கொண்டுவந்தவர் என்று சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதரின் வளர்ப்பு மகன்தான் மேலே சொன்ன சுப்பராம தீட்சிதர். வயலினில் விரல் வழுக்கும், ஆர்மோனியத்தில் வழுக்காது, வித்தியாசம் அங்கேதான். சாஃப்ட்வேரில் வழுக்குவதா வேண்டாமா என்பது மரத்திலும் பித்தளையிலும் எழுதியிருக்கவில்லை, நாம் எழுதுகிற நிரலில் இருக்கிறது.

போன வாரம் எம்செக்கில் வரைந்த காந்தாரத்தையும், கையால் கிளைடு சரிசெய்த ஒரு மத்தியமத்தையும் ஒட்டி ஒரு சிறிய பதிவைச் சித்திக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒட்டின இடத்தில் அந்த வெட்டு கேட்காமல் இருக்க ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தேன். பதிலுக்குக் குரல் செய்தி வந்தது. "காந்தாரம் வந்துடுச்சுடா. நல்லா வந்திருக்கு. அங்கேருந்து மத்தியமத்துக்குப் போறப்போ மட்டும் யாரோ கையைத் தட்டிவிட்ட மாதிரி இருக்கு, அது என்ன?"

அதுதான் சித்தி. ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் போகிறேன். தோடியில் பத்துப் பிரயோகம், ஒவ்வொன்றும் முதல் காலத்திலும் இரண்டாம் காலத்திலும், தாளத்தந்தியை மூடிவிட்டு வாசித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பதிவுகள், அவற்றின் சுருதிக்கோடுகள், நான் மேலே சொன்ன முதல் ஆசையை விளக்கும் ஒரு பக்கப் படம், இவற்றைச் சேர்த்து சர்ஜை உருவாக்குகிறவர்களுக்குக் கோரிக்கையாக அனுப்பப் போகிறேன்.